சீனி இல்லாத பாதை

கண்டியிலிருந்து வெளியே போகும் எந்த வீதியிலும் பிரேக்கைப் பிடிக்காமல் விட்டால் சைக்கிள் கடைசியில் கடலுக்குத்தான் போய்ச் சேரும். இதை நாங்கள் மூன்று பேரும் பலமுறை பேசியிருக்கிறோம். பேசியதோடு சரி. போவது இறக்கம், திரும்பி வருவதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

மூன்று பேர் என்றால் நான், நானா, மாஸ்டர். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். எங்கள் நானா மடவளையில் துணிக்கடை வைத்திருக்கிறார். வயதிலும் எடையிலும் எங்களில் மூத்தவர். மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மகளுக்குப் பேராதனையில் வேலை கிடைத்தபோது கூட வந்துவிட்டார். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாத மனிதர். வாழ்நாள் முழுக்கச் சைக்கிள் ஓடியவர், ஆனால் மேடு என்றால் பாலம் என்று மட்டும் அறிந்த ஊரில். இங்கே வந்த புதிதில் அம்பிட்டிய ஏற்றத்தின் பாதியில் இறங்கி நின்று, "உது வீதியோ, இல்லை ஆரும் நிமித்தி வச்ச சுவரோ?" என்று கேட்டார். இன்றுவரைக்கும் ஒவ்வொரு சவாரிக்கு முன்னாலும், "கடல் தெரியிற மாதிரி ஒரு பாதை இல்லையோ?" என்று கேட்பார்.

நான் அம்பிட்டியக்காரன், அலுவலக உத்தியோகம். பழைய வீதிகளைப் பற்றிக் கைக்குக் கிடைப்பதையெல்லாம் படிப்பதும், எந்த வீதியில் எந்த நாள் போனோம், அன்று மழையா வெயிலா, வளர்பிறையா தேய்பிறையா என்று நினைவில் வைத்திருப்பதும் என் பழக்கம். ஆகவே பாதையையும் நாளையும் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பானது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வெள்ளைக்காரரின் கோப்பித் தோட்டக் காலத்தில் மாட்டுவண்டிக்காக வெட்டிய வீதி வளைந்து வளைந்து மெதுவாக ஏறும். மாட்டின் மேல் இரக்கப்பட்டுப் போட்ட வீதி அது. பிற்காலத்தில் லொறிக்காகப் போட்ட வீதி நேரே மலையில் ஏறும். லொறியின் மேல் யாரும் இரக்கப்படுவதில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மாட்டு வீதியாகப் பார்த்துப் போக வேண்டும் என்பது என் கொள்கை.

நாங்கள் சேர்ந்தது இரண்டாயிரத்து இருபத்திரண்டில், நாடே பெட்ரோல் வரிசையில் நின்ற நாட்களில். நானாவின் வேன் வாசலில் அசையாமல் கிடந்தது. துணி எடுக்கக் கண்டிக்கு வரவேண்டுமே என்று அவர் சைக்கிள் வாங்கினார். பிறகு பெட்ரோல் வந்தது. மற்றவர்களுடைய சைக்கிள்கள் கோழிக்கூட்டுக்குச் சாய்மானமாயின. நானா மட்டும் விடவில்லை, காரணம் சீனி.

அவருக்குச் சீனி வருத்தம் வந்து வருடங்களாகிவிட்டன. குளிசை ஒன்றில் தொடங்கி, பெரிய குளிசையாகி, அதுவும் போதாமல், கடைசியில் டொக்டர் சொல்லிவிட்டார்: அடுத்த ரிப்போர்ட்டிலும் குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான். நானாவுக்கு ஊசி என்றால் பயம். கொரோனாத் தடுப்பூசி போட்ட நாளில், வரிசையில் தனக்குப் பின்னால் வந்த ஒவ்வொருவரையும் "நீங்க முந்துங்க, நீங்க முந்துங்க" என்று மரியாதையாக முன்னே அனுப்பி, பள்ளிக்கூடக் கதவைப் பூட்டுகிற நேரத்தில்தான் அவர் கதிரையில் உட்கார்ந்தார். மடவளையில் அன்று பலர் அவருடைய நல்ல குணத்தைப் பாராட்டினார்கள்.

ஊசிக்கு மேலே வீட்டிலும் ஒரு தீர்ப்பு காத்திருந்தது. சைக்கிள் ஓடப் போகிறேன் என்று கிளம்புகிறவர் வழிநெடுக இனிப்புத்தான் தின்கிறார் என்பது அவருடைய மனைவியின் சந்தேகம். ரிப்போர்ட் பிழைத்தால் சைக்கிளை விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தார். வாங்க ஆளும் பார்த்து வைத்திருந்தார்.

புத்தரின் பிறந்தநாளான வெசாக் முழுநிலவுக்கு முந்திய வாரம் நானா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, வெசாக்குக்கு மத்த நாளும் லீவுதானே. அதுக்கடுத்த நாள் காலைல நான் ரத்தம் குடுக்கணும். நல்ல ஏத்தம் ஈக்கிற பாதையா ஒண்டு செல்லு. ஒடம்புல ஈக்கிற சீனியெல்லாம் எரிஞ்சி போகணும்."

பரீட்சைக்கு முதல்நாள் புத்தகத்தை எடுக்கும் பிள்ளையின் குரல் அது.

"ஏத்தத்துக்குக் கண்டியில என்ன நானா பஞ்சம்?" என்றேன்.

"ஏத்தம் மட்டும் போதாது. வழியில இனிப்புக் கடை ஒண்டும் ஈக்கப்படாது. கண்ணுல பட்டா நான் நிப்பேன். எனக்கு என்னத் தெரியும்."

இப்படித்தான் நான் கண்டிச் சுற்றுவட்டாரத்தின் வீதிகளைச் சீனியின் அடிப்படையில் ஆராய வேண்டி வந்தது. வத்தேகாமப் பக்கம் போனால் காலையிலேயே பேக்கரி வாசம் வீதிக்கு வந்து நிற்கும். தெல்தெனியப் பக்கம் எருமைத் தயிரும் அதன் மேல் ஊற்றும் கித்துள் பாணியும். மாத்தளை வீதியில் சர்பத். கடுகண்ணாவைப் பக்கம் போனால், கித்துள் கருப்பட்டி விற்கிற பெண்ணுக்கு நானாவின் பிள்ளைகளின் பெயர்கள்கூடத் தெரியும். ஒவ்வொன்றாக அடித்துவிட்டுப் பார்த்தபோது மிஞ்சியது ஒன்றுதான்: அம்பிட்டியவிலிருந்து தலாத்துஓயா, ஹேவாஹெட்ட, அங்கிருந்து தெல்தோட்டை, கலஹா, பிறகு பேராதனைக்கு இறக்கம். தேயிலையும் மரக்கறித் தோட்டமும் உள்ள வட்டம். பெரும்பகுதி மாட்டு வீதி. தெல்தோட்டையில் நானாவின் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, பலசரக்குக் கடை வைத்திருந்தார். மதியம் அவர் வீட்டில் சோறு.

நாளிலும் எனக்குக் குறை தெரியவில்லை. லொறி ஓடாது, கடைகள் பூட்டு. வெசாக் என்றால் தன்சல் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. வீதியோரம் பந்தல் போட்டு, போகிற வருகிற எல்லோரையும் மறித்து இலவசமாகச் சாப்பாடு கொடுப்பார்கள். சின்ன வயதிலிருந்து ஓடி ஓடித் தின்றவர்கள்தான் நாங்கள். ஆனால் கண்டி நகரத்தில் தன்சல் பொழுதுபட்டுத்தான் சூடுபிடிக்கும். முழுநிலவுப் போயா முடிந்த மறுநாள் காலையில், அதுவும் ஆள் நடமாட்டமில்லாத மலைவீதியில், யார் பந்தல் போடப் போகிறார்கள்? இது என் கணக்கு. மாஸ்டரும் கணக்குச் சரி என்றார்.

கிளம்புகிற அன்று விடியப்புறம் நானும் மாஸ்டரும் போய்ச் சேர்ந்தபோது நானாவின் வீட்டில் விளக்கு எரிந்தது. அவருடைய மனைவி நோன்பு. ஒவ்வொரு சந்திர மாதமும் முழுநிலவை ஒட்டிய மூன்று நாட்கள் விருப்ப நோன்பு பிடிப்பது அவருடைய வழக்கம். அன்று மூன்றாவது நாள். விடியுமுன் உண்ணும் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவர், கணவனுக்கும் குரக்கன் பிட்டு அவித்து, இரண்டு தரம் பரிமாறி, குளிசையைக் கையில் கொடுத்து விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பைகளைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஒங்கள நம்பித்தான் அனுப்புறேன்," என்றார் என்னிடம். "இவர் எங்கசரி நிண்டு இனிப்புத் திண்டா எனக்கிட்டச் செல்லணும்."

"என்னட்டச் சொன்னா நானும் பாப்பன்தானே," என்றார் மாஸ்டர்.

"நீங்க பக்கத்துல நிண்டு திண்டுகிட்டு ஈப்பீங்க மாஸ்டர்."



அம்பிட்டிய தாண்டி முதல் வளைவிலேயே சிவப்புக் கொடி ஒன்று வீதிக்குக் குறுக்கே நீண்டது. கொடியைப் பிடித்திருந்த பெண் எங்களைப் பார்த்த பார்வையில், காணாமல் போன உறவினரைக் கண்ட மகிழ்ச்சி இருந்தது. இலைக்கஞ்சித் தன்சல். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கருப்பட்டித் துண்டு. நானா கஞ்சியை வாங்கிக்கொண்டு கருப்பட்டியை மாஸ்டரின் கையில் வைத்தார். கிராமம் ஒன்றைக் கடந்ததும் பாற்சோறு. அதற்கு மேல் மரவள்ளிக்கிழங்கும் இனிப்புத் தேநீரும். நானாவின் பங்கும் மாஸ்டருக்கே போனது. அதற்கும் மேல் ஜவ்வரிசிப் பாயசம்.

என் கணக்கு எங்கே பிழைத்தது என்று அப்போதுதான் விளங்கியது. நகரத்தில் தன்சல்காரர்களுக்கு ஆள் பஞ்சமில்லை. வரிசை தானாக நிற்கும். மலைவீதியிலோ, விடியற்காலையில் எழுந்து அண்டா நிறையச் சமைத்து வைத்துவிட்டு, சாப்பிட ஆள் வருமா என்று வளைவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வாகனம் வராத வீதியாகத் தேடித் தேடி எடுத்திருந்தேன். அந்த வீதியில் வந்த முதல் வாகனங்கள் நாங்கள்தான். அதுவும் ஏற்றத்தில், நடக்கிறவனைவிடக் கொஞ்சம் வேகமாக. தப்பித்துப் போக வழியே இல்லை.

"வேண்டாம்" என்ற சொல் தன்சலில் யாருக்கும் கேட்பதில்லை. கொடுப்பவருக்கு அது புண்ணியம். வாங்காமல் போனால் அந்தப் புண்ணியத்தைத் தட்டிப் பறித்ததாகும். மாஸ்டருக்கு இது மிகவும் பிடித்த தத்துவம்.

"எனக்குப் பசியில்லை," என்றார் வாய் நிறையப் பாயசத்தோடு. "ஆனா அதுகளின்ர மனத்தை நோகடிக்கேலாது பாருங்கோ."

நானா பாயசக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மேலே முந்திரிகை மிதந்தது. கோப்பை தானாகவே வாய்க்கு உயர்வதை நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். பாதி வழியில் திடுக்கிட்டுக் கீழே இறக்கினார்.

"இப்பிடியே போனா இன்னம் ரெண்டு பந்தல்ல நான் முடிஞ்சேன்," என்றார் எங்களைத் தள்ளிக்கொண்டுபோய்.

"சீனி வருத்தம்னு சொல்லிடுங்களேன் நானா," என்றேன்.

"செல்லிப் பாக்காமலா ஈக்கேன்? கலியாண வீட்டுல பாக்கல்லியா நீ? 'ஒண்டு திண்டா ஒண்டும் ஆகாது' எண்டு செல்லிச் செல்லியே வட்டிலாப்பத்த ஊட்டி உடுவாங்க."

அடுத்த பந்தல் தலாத்துஓயா சந்தியை நெருங்கும்போது. அதை நடத்தியவர் ஓட்டோ ஓட்டுகிறவர், பெரிய மீசை, பெரிய குரல். கையில் பலகாரத் தட்டு: கொண்டைக் கெவுமும் கொக்கிஸும். தட்டு நானாவின் மூக்குக்கு நேரே வந்தபோது, அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்:

"ஐயா, நான் இண்டைக்கு நோன்பு."

தட்டு உடனே பின்வாங்கியது. மீசைக்காரர் தட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் கைகூப்பினார்.

"ரமழான் முடிஞ்சு போச்சே?" என்று மட்டும் கேட்டார்.

நானா வியாபாரி, தொடங்கியதை அரைகுறையாக விடமாட்டார். முழுநிலவை ஒட்டிய நோன்பைப் பற்றி விளக்கமாகச் சொன்னார். சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, நோன்பு பிடித்திருந்தது மனைவி என்பதைத் தவிர. நாளும் எனக்குத் தெரிந்தவரை சரியாகவே இருந்தது. மீசைக்காரருக்கு ஒரே சந்தோஷம்.

"அப்ப எங்களுக்கும் உங்களுக்கும் ஒரே நிலாத்தானே!" என்றவர், நோன்போடு ஹேவாஹெட்ட ஏற்றத்தில் சைக்கிள் மிதிக்கப் போகும் இந்தப் பெரிய மனிதரை எல்லோருக்கும் கூப்பிட்டுக் காட்டினார். "மேலே என் தம்பிமார் பந்தல் போட்டிருக்கிறார்கள். ஒருத்தரும் உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது. நான் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன்."

போட்டார். அவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்த தம்பிமார் ஒருவர் இருவரல்லர்.

அதற்குப் பிறகு நாங்கள் போன இடமெல்லாம் எங்களுக்கு முன்னே செய்தி போயிருந்தது. ஒரு பந்தலில் ஒலிபெருக்கியைக் குறைத்தார்கள். ஒரு பந்தலில் கதிரை போட்டு விசிறிவிட்டார்கள். இன்னொன்றில் ஒரு பாட்டி, குடிக்கத்தானே கூடாது, தலையில் ஊற்றலாமே என்று ஒரு வாளி தண்ணீரை நானாவின் தலையில் கொட்டினார். அவருக்கென்று எடுத்து வைத்த பங்கு வீணாகக் கூடாதென்று எனக்கும் மாஸ்டருக்கும் இரட்டிப்பாக வந்தது. நான் மாரஸ்ஸன என்ற ஊரோடு கை தூக்கிவிட்டேன். மாஸ்டர் தின்ன முடியாதவற்றைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

வளைவுகளில் ஆள் இல்லாத இடம் பார்த்து, தேயிலைச் செடிக்குள் குனிந்து, நானா தன் போத்தலில் இரண்டு வாய் தண்ணீர் குடித்தார்.

"காலைல நான் வீட்டுல நிம்மதியா ரெண்டு தரம் பிட்டுத் திண்ட மனுசன்," என்றார் செடிக்குள்ளிருந்து. "இப்ப தண்ணியக் களவெடுத்துக் குடிக்கிறேன். அல்லா என்ன மன்னிக்கணும்."

"ஒரு கெவுமைத் தாறன், ஒளிச்சுச் சாப்பிடுங்கோ முதலாளி," என்றார் மாஸ்டர்.

"வாணாம். நாளைக்கி ரத்தம். தெல்தோட்டையில மச்சினன் வீட்டுல கதவப் பூட்டிட்டுச் சோறு திம்போம். அதுவரைக்கும் பல்லக் கடிச்சிட்டுப் போவோம்."

ஹேவாஹெட்டவுக்கு மேலே மேகம் வீதியில் இறங்கியிருந்தது. நானா நன்றாகவே மிதித்தார். வழக்கமாக இறங்கி உருட்டுகிற இடத்தில்கூட இறங்கவில்லை. வளைவுக்கு வளைவு ஆட்கள் கைதட்டிக்கொண்டு நின்றால் எப்படி இறங்குவது?

தெல்தோட்டையில் மச்சினன் கடைவாசலுக்கே வந்து நின்றார். முகம் பூரித்திருந்தது. செய்தி அங்கேயும் போயிருந்தது.

"மச்சான்! நீங்க நோன்பாமே! ஊரெல்லாம் அந்தக் கததான். கோழிக்கறி ஆக்கி வச்சிருந்தன். பரவால்ல, இவங்க ரெண்டு பேரும் திங்கட்டும். நீங்க உள்ள வந்து காத்தாடிக்குக் கீழ படுங்க."

நானா வாயைத் திறந்தார். கடைக்குள் நான்கைந்து பெரியவர்கள் மரியாதையோடு எழுந்து நின்றார்கள். வாயை மூடிக்கொண்டார்.

மச்சினன் அதற்குள் போனை எடுத்துவிட்டார். "தாத்தாவுக்குச் செல்லுவோம், சந்தோசப்படுவா," என்றார். அவர்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். ஸ்பீக்கரில் போட்டார். "தாத்தா, மச்சான் நோன்போட ஹேவாஹெட்ட ஏறி வந்துட்டாரு!"



"அப்பிடியா," என்றது போனில் அவருடைய குரல், மிகவும் இனிமையாக. "நல்லது. மஃரிபுக்கு வீட்டுக்கு வரச் செல்லுங்க. ஒண்டா நோன்பு தொறப்போம்."

பிட்டுப் பரிமாறிய கையல்லவா. நானா காற்றாடிக்குக் கீழே படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த அறையில் மாஸ்டர் கோழிக்கறியைப் புகழ்ந்து கொண்டிருந்தது சுவர் வழியாக நன்றாகக் கேட்டது.

கலஹாவுக்குப் போகும் வழியில்தான் விஷயம் மாறியது. நானா சைக்கிளில் வாய் ஓயாத மனிதர். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதும் துணி விலை, அரசியல், மருமகனின் குறட்டை என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். திடீரென்று சத்தத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். முகம் வெளிறி, குளிரும் அந்த இடத்தில் அவர் வியர்வையில் நனைந்திருந்தார்.

"நானா, சரியா?"

"மூணு கஜம் வாங்கினா குறைச்சுத் தருவேன்," என்றார்.

மாஸ்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் பெரிய குளிசை. அதற்குப் பிறகு ஒரு கோப்பைக் கஞ்சி. அதற்கு மேல் மலை முழுவதும். சீனி கூடக் கூடாதென்று ஓடிய மனிதரின் சீனி இப்போது அடிமட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. உடனே இனிப்பாக ஏதாவது உள்ளே போகாவிட்டால் விழுந்துவிடுவார். காலையிலிருந்து எங்களைத் துரத்தித் துரத்தி வந்த இனிப்பு, அப்போது பார்த்து வீதியில் ஒன்றையும் காணோம்.

"மாஸ்டர், பையில என்ன இருக்கு?"

மாஸ்டரின் முகம் வாடியது. "இறக்கத்தில சும்மா இருக்கேலாமல்..." என்று இழுத்தார். எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தார்.

நானாவை இறக்கி, இருவருமாகத் தாங்கிக்கொண்டு அடுத்த வளைவைச் சுற்றினோம். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் பந்தல். சிவப்புச் சர்பத், கசகசா மிதக்கும் பெரிய வாளி. வாழ்க்கையில் நான் கண்ட அழகான காட்சிகளில் ஒன்று. நானாவைக் கதிரையில் சாய்த்துவிட்டு ஒரு கோப்பையை அள்ளினேன். ஒரு இளைஞன் பாய்ந்து என் கையைப் பிடித்தான்.

"அண்ணே, அண்ணே! அவருக்குக் குடுக்காதீங்க. அவரு நோம்பு!"

"தெரியும் தம்பி, விடுங்க..."

"தலாத்துஓயாலேருந்து போன் வந்துச்சுண்ணே. காலைலேருந்து பச்சத் தண்ணி படாம வர்றாரு. இன்னும் கொஞ்ச நேரந்தானே, இப்பப் போயி முறிச்சிடாதீங்க, பாவம்!"

இன்னும் இரண்டு பேர் வந்து நானாவுக்கு முன்னால் அரண் போல நின்றார்கள். ஒருவர் ஈரத்துணியால் அவருடைய நெற்றியைத் துடைத்தார். கோப்பையைக் கண்ட நானாவின் கை எழுந்தது. அந்தக் கையையும் ஒருவர் அன்போடு பிடித்து மடியில் வைத்தார். "தைரியமா இருங்க முதலாளி," என்றார்.

"நோன்பு இல்லீங்க!" என்று நான் கத்தினேன். "அவரு நோன்பே இல்ல! காலையில ரெண்டு தரம் பிட்டுத் தின்னாரு! பொய்ங்க, எல்லாம் பொய்!"

பந்தலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதையும் நிறுத்தினார்கள்.

அந்த அமைதிக்குள் மாஸ்டர் அரணுக்கு அடியால் புகுந்து நானாவின் வாயில் கோப்பையை வைத்துவிட்டார். முதல் கோப்பை எப்படிப் போனதென்று நானாவுக்குத் தெரியாது. இரண்டாவது முடியும்போது கண் நிலைக்கு வந்தது. மூன்றாவதை அவரே கேட்டு வாங்கினார். சுற்றி நின்ற தோட்டத்துச் சனங்களைப் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

வாளிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாதான் பேசினார். அகப்பையைக் கையில் பிடித்தபடி, "எதுக்குங்க அப்பிடிச் சொன்னீங்க?" என்றார்.

"சீனி வருத்தம்," என்றார் நானா, மிகச் சின்னக் குரலில். "நாளைக்கி டெஸ்ட். இனிப்பு வாணாம் எண்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க எண்டு..."

"அட, சீனின்னு சொன்னா போதாதா?" அந்த அம்மா பந்தலின் ஓரத்தை அகப்பையால் காட்டினார். அங்கே ஒரு கேத்தல் தனியாக இருந்தது. "சீனி போடாத தேத்தண்ணி. எங்க லயத்துல பாதிப் பேருக்குச் சீனி. இப்பல்லாம் எந்தத் தன்சல்லயும் அது தனியா இருக்குமே! நீங்க கேட்டீங்களா?"

நானா என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் கேத்தலைப் பார்த்தார்.

"எல்லாப் பந்தலிலயும் கிடந்ததுதான்," என்றார் மெதுவாக. "எனக்கு அது வேண்டாமெண்டபடியால் நான் சொல்லேல்லை."

சனங்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். கையைப் பிடித்து மடியில் வைத்தவர்தான் எல்லோரிலும் அதிகம் சிரித்தார். நானாவை அவர்கள் அரைமணிக்கு மேல் விடவில்லை. சோறும் பருப்பும் தின்னவைத்து, கன்னத்தில் நிறம் வந்த பிறகுதான் சைக்கிளைத் தொட விட்டார்கள்.

பேராதனைக்கு இறக்கம் முழுவதும் நானா பேசவில்லை. இந்தமுறை அது சீனியால் அல்ல என்று எனக்குத் தெரியும்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது மடவளையில் அவருடைய மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பேரீச்சம்பழம், கஞ்சி, ரோல்ஸ். அவருடைய மனைவி நோன்பு திறந்து, நிதானமாகத் தண்ணீர் குடித்து, கோப்பையை வைத்தார்.

"நோன்பாளி தொறக்கல்லியா?"

நானா தலை குனிந்தார். மனைவி என்னிடம் திரும்பினார். நான் காலையிலிருந்து நடந்ததை வரிசையாகச் சொன்னேன். கஞ்சியில் தொடங்கி, தேயிலைச் செடி, போன், சர்பத் மூன்று கோப்பை. சர்பத் வரும்வரை அவர் முகத்தில் சிரிப்பை அடக்குகிற பாவம் இருந்தது. சர்பத் வந்ததும் அது போய்விட்டது. எழுந்து போய்க் கணவனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ட தம்பி போன் எடுத்தப்பவே 'திங்கக் குடு' எண்டு செல்லியிருக்கணும் நான்," என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "சைக்கிள் வித்தாச்சி எண்டு நினைச்சுக்கோங்க. நாளைக்கி ரிப்போர்ட் பிழைச்சா ஊசி, வித்த காசுக்கு ஊசி மருந்து."

மறுநாள் காலையில் நானா இரத்தம் கொடுத்தார். வரிசையில் யாரையும் முன்னே விடவில்லை. மனைவி பக்கத்தில் நின்றார். பின்னேரம் டொக்டர் ரிப்போர்ட்டையும் நானாவின் கால்களையும் மாறி மாறிப் பார்த்தாராம். சீனி குறைந்திருந்தது. ஒரு நாளில் குறைந்ததல்ல, மாதக்கணக்கில் மிதித்ததில் குறைந்தது என்றாராம். கலஹாக் கதையைக் கேட்டதும் நன்றாகத் திட்டிவிட்டு, இன்சுலின் இப்போதைக்கு வேண்டாம் என்றார். குளிசையைச் சின்னதாக்கினார். சைக்கிளை நிறுத்தக் கூடாது, பையில் எப்போதும் இனிப்பு ஏதாவது இருக்க வேண்டும் என்றும் சொன்னார். நாற்பது வருட மணவாழ்க்கையில் இனிப்பு வைத்துக்கொள்ளக் கிடைத்த முதல் அனுமதி என்று நானா அதைப் போனில் எனக்கு மூன்று தரம் சொன்னார்.

ஆனால் மனைவி விடவில்லை. டொக்டரிடமே கேட்டிருக்கிறார்: சைக்கிள் ஓடாத ஒரு நாளில், குளிசையை மாற்றிப் போட்டு, இவர் நோன்பு பிடிக்கலாமா? பார்த்துப் பிடிக்கலாம் என்றார் டொக்டர்.

"ஊருக்கெல்லாம் செல்லிட்டீங்க," என்றார் மனைவி நானாவிடம். "செல்லின நோன்பப் பிடிச்சிட்டு மத்ததப் பேசுங்க."

அடுத்த முழுநிலவு பொசன். நானா வீட்டில் நோன்பு. நானும் மாஸ்டரும் அதே வட்டத்தில் போனோம். பொசனுக்குப் பந்தல் குறைவு என்று நான் சொன்னதைச் சரிபார்க்கத்தான் வருகிறேன் என்றார் மாஸ்டர். தலாத்துஓயாவில் மீசைக்காரர் கொடியோடு நின்றார்.

"எங்கே உங்கள் பெரியவர்?"

"இன்றைக்கு அவர் நோன்பு," என்றேன்.

மீசைக்காரர் சிரித்துச் சிரித்துக் கொடியைக் கீழே போட்டுவிட்டார். பந்தலில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு என்னைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். கலஹாப் பக்கத்து லயத்திலும் அதே கதை. "நோம்பாம்ல!" என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். நான் நாள், பிறை, டொக்டர் என்று ஆதாரம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஆதாரம் கூடக் கூடச் சிரிப்பும் கூடியது. அகப்பை அம்மா மட்டும் சிரிப்பை நிறுத்தி, ஒரு பழைய சுடுநீர்ப் போத்தலில் அந்தத் தனிக் கேத்தலிலிருந்து தேநீர் ஊற்றி மூடித் தந்தார்.

"நெசமோ பொய்யோ, அவருகிட்டக் குடுங்க. போத்தல அடுத்த வாட்டி வாறப்பக் கொண்டாங்க."

அதைத் தோள்பையில் போட்டு, கலஹாவிலிருந்து பேராதனை, பேராதனையிலிருந்து மடவளை என்று சிந்தாமல் கொண்டுவந்தேன். பாங்கு சொன்னது. நானா பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தார். மனைவி போத்தலைத் திறந்து கோப்பையில் ஊற்றினார். இன்னும் இளஞ்சூடு இருந்தது. யார் தந்தது, என்ன சொல்லித் தந்தார்கள் என்பதையெல்லாம் நான் சொன்னேன். நானாவின் கண் கலங்கியது போலிருந்தது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தார்.

"சீனி போதாது," என்றார்.